பிரெஞ்சு ஊர்ப் பெயர்களை எப்படிச் சொல்வது? தமிழிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி இது: "கோடையில் அப்பா அம்மாவோடு பிரான்ஸ் போகிறோம். பாரிஸ், வெர்சாய், ஷாம்பெயின் தயாராகும் ரீம்ஸ், கடலோரத்தில் பாறைமேல் நிற்கும் மோன் செயின்ட் மைக்கேல், ஆல்ப்ஸ் மலையில் சமோனிக்ஸ், கடைசியாக நைஸ். எல்லாப் பயணமும் ரயிலில்தான். நாம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் புரிவதில்லை, அவர்கள் சொல்வது நமக்கும் புரிவதில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சு படிக்க நேரமில்லை. பெயர்களை மட்டுமாவது சரியாகச் சொல்ல வழி உண்டா?"

உண்டு. பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான். ரோமன் எழுத்து நமக்குப் பள்ளியில் ஆங்கிலத்தோடு சேர்ந்தே வந்தது. அதனால் அந்த எழுத்தைக் கண்டதும் வாய் தானாக ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. ரீம்ஸ், நைஸ், சமோனிக்ஸ் எல்லாம் அப்படி வந்த உச்சரிப்புகள். இவற்றைப் பிரெஞ்சுக்காரரிடம் சொன்னால் அவர் விழிப்பார். ஆனால் தமிழ் பேசிப் பழகிய வாய், ஆங்கிலம் பேசிப் பழகிய வாயைவிடப் பிரெஞ்சுக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது.

தெற்கில் உள்ள துலூஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் 'டூலூஸ்' என்பார். நாக்கு மேலண்ணத்துப் பக்கம் போகும், கூடவே கொஞ்சம் காற்றும் வெளியே வரும். பிரெஞ்சுக்காரர் சொல்வது நம் 'தூக்கம்' என்பதில் வரும் அதே 'தூ'. நாக்கு பல்லைத் தொடுகிறது, காற்றுச் சீற்றம் கிடையாது. பாரிஸின் முதல் எழுத்தும் அப்படியே: 'பழம்' சொல்லும்போது வரும் ப. கான் நகரத்தின் க, 'கண்' என்பதன் க. அதேபோல ஏ, ஓ இரண்டையும் ஆங்கிலேயர் 'எய்', 'ஒவ்' என்று இழுத்து வளைப்பார்கள். நாம் நேராகச் சொல்கிறோம், பிரெஞ்சுக்காரரும் நேராகத்தான் சொல்கிறார்கள். ஞ என்ற எழுத்து நம்மிடம் இருக்கிறது. ஜி-யும் என்-னும் அடுத்தடுத்து வந்தால் பிரெஞ்சில் அது ஞ. ஆகவே அவிக்னான் என்று எழுதப்படும் ஊர் அவிஞோன். பூர்கோஞ், ஷாம்பாஞ் எல்லாம் நமக்கு லட்டு மாதிரி. ஒரு பெயரில் ஓர் அசையை மட்டும் அழுத்தி மற்றதை விழுங்கும் ஆங்கிலப் பழக்கமும் நமக்கு இல்லை, அவர்களுக்கும் இல்லை. எல்லா அசைக்கும் சம எடை கொடுத்து, கடைசி அசையைச் சற்று நீட்டி நிறுத்தினால் போதும்.

ஆர் ஒலியைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். தொண்டையின் பின்னாலிருந்து வரும் அந்த ஒலி வராவிட்டால் பரவாயில்லை. நம் சாதாரண ர-வைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பிரான்சின் சில கிராமப்புறங்களில் வயதானவர்கள் நம்மைப்போல நாக்கை உருட்டியே ர சொல்வதுண்டு. ஆங்கிலத்தின் வழவழ ர-தான் கூடாது.

நேரம் குறைவாக இருந்தால் அதை முழுக்க மூக்கொலியில் செலவிடுங்கள். தப்பான ரயிலில் ஏறுவதும் ஏறாமல் இருப்பதும் பல சமயம் அதைப் பொறுத்ததுதான்.

பிரெஞ்சில் ஓர் உயிரெழுத்துக்குப் பின் என் அல்லது எம் வந்து, அதற்கப்புறம் வேறு உயிரோ இன்னொரு என்-எம்மோ இல்லையென்றால், அந்த மெய்யைச் சொல்ல மாட்டார்கள். உயிர் மட்டும் மூக்கு வழியாகப் போய் நின்றுவிடும். இது ஏதோ புதிய வித்தை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பேச்சில் 'நான் வர்றேன்' என்பதைக் கடைசி ன் வரை நாக்கைத் தூக்கிச் சொல்பவர் யார்? 'நா வர்றே' என்று முடிக்கிறோம். அந்த ஆ-வும் ஏ-யும் மூக்கில்தான் முடிகின்றன. 'மரம்', 'பணம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடி ம் வருவதில்லை. ஓகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்கொலி வந்து நிற்கிறது. பயணிக்கு வேண்டிய மூன்று மூக்குயிர்களும் இவைதான். நான் என்பதன் ஆ, வர்றேன் என்பதன் ஏ, மரம் என்பதன் ஓ. இந்தப் பதிலில் இனி அந்த ஒலி வரும் இடத்தில் (ன்) என்று அடைப்புக்குள் போடுகிறேன். அடைப்பு இல்லாத ன் வந்தால் நாக்கை மேலே ஒட்டி முழுதாகச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு ஊர்கள். நார்மாந்தியில் 1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகளுக்குப் போகிறவர்கள் போய் இறங்கும் நகரம் கா(ன்). திரைப்பட விழா நடக்கும் தெற்குக் கடற்கரை நகரம் கான். முதலாவதில் ஒரே ஒரு என், அது மூக்குக்குள் போய்விடுகிறது. இரண்டாவதில் இரண்டு என், ஆகவே முழு ன். கடைசியில் உள்ள எஸ் ஊமை. 'கேன்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. கா(ன்) போகும் ரயில் பாரிஸின் ஸே(ன்) லஸார் நிலையத்திலிருந்து கிளம்பி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்விடும். கான் போகும் ரயில் வேறொரு நிலையத்திலிருந்து, கார் த லியோ(ன்)-இலிருந்து கிளம்பி ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஸே(ன்) லஸார் கவுன்டரில் ஒரு குடும்பம் முழு ன் போட்டு 'கான்' என்று கேட்க, உள்ளே இருந்த பெண்மணி நிதானமாக 'கார் த லியோ(ன்)' என்று வேறு நிலையத்துக்கு வழி சொன்னதைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் தவறே இல்லை. அவர் காதில் விழுந்த ஊருக்குச் சரியாகத்தான் வழி சொன்னார். அந்தக் குடும்பம் போக வேண்டியதோ நார்மாந்திக்கு. பின்னால் நின்றவர்களில் ஒருவர் 'நார்மாந்தி' என்று சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது. இதிலிருந்தே ஒரு நல்ல வழக்கம் கிடைக்கிறது. சந்தேகமான ஊர் என்றால் பெயரோடு மாகாணத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'கா(ன்), நார்மாந்தி'.

இதே சோடி இன்னொரு இடத்திலும் உண்டு. வடக்கில் பெரிய தேவாலயத்தோடு இருக்கும் ருவா(ன்), லியோ(ன்) பக்கம் இருக்கும் ருவான். லியோ(ன்)-ஐப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: கார் த லியோ(ன்) என்பது பாரிஸில் இருக்கும் நிலையம். லியோ(ன்) நகரத்தின் முக்கிய நிலையங்கள் பார்-தியே, பெராஷ் என்ற இரண்டும்.

உங்கள் திட்டத்தில் இருக்கும் பொறி வேறு. ஷாம்பெயின் ஊரின் பெயர் ரே(ன்)ஸ். 'வர்றேன்' என்பதன் மூக்கு ஏகாரம், அதன் பின் தெளிவாக ஸ். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய தேவாலயம் இங்கேதான். பாரிஸின் கார் த லெஸ்த் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். மோ(ன்) ஸே(ன்) மிஷெல் பார்க்கப் போகும்போதோ, பெரும்பாலும் மோ(ன்)பர்நாஸ் நிலையத்தில் ஏறி ரென் என்ற ஊரில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிப்பீர்கள். எழுத்தில் இரண்டும் ஆர், ஈ என்று தொடங்கி எஸ்-இல் முடிகின்றன. காதில் ஒன்று ரே(ன்)ஸ், மற்றது ரென். ஒன்றில் ஸ் கேட்கும், மற்றதில் கேட்காது. கிழக்கே போகும் ஊர் ஒன்று, மேற்கே போகும் ஊர் ஒன்று, நிலையமும் வேறு வேறு. அப்பா அம்மாவையும் இந்த இரண்டு பெயரை மட்டும் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். ரே(ன்)ஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது இன்னொன்றும் பாருங்கள்: ஊருக்கு நடுவே ஒரு நிலையம், ஊருக்கு வெளியே ஷா(ன்)பாஞ்-ஆர்தென் என்ற பெயரில் அதிவேக ரயிலுக்கான இன்னொரு நிலையம். தேவாலயத்துக்கு நடந்து போக வேண்டுமானால் முதலாவதுதான்.

வீட்டிலேயே பழக ஒரு நல்ல பெயர் வே(ன்)ஸென். பாரிஸ் மெட்ரோ முதலாம் தடத்தின் கிழக்கு முனை 'ஷாத்தோ த வே(ன்)ஸென்'. முதல் அசையில் மூக்கொலி, இரண்டாவதில் முழு ன். இரண்டையும் ஒரே மூச்சில் வேறுபடுத்திச் சொல்ல முடிந்தால் கா(ன்), கான், ரே(ன்)ஸ், ரென் எல்லாம் வந்துவிடும்.

அப்புறம், தமிழ்ப் பழக்கம் காலை வாரும் இடங்களும் சில உண்டு. சொல்லின் நடுவே வரும் வல்லினத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம். 'ஒபேரா' என்று எழுதிக் கொடுத்தால் நாம் படிக்கும் ப, ஆங்கில பி போல ஆகிவிடும். பிரெஞ்சில் அது அழுத்தமான ப்ப: ஒப்பேரா. கோட்டையும் அரண்மனையும் ஷாத்தோ, 'பாத்து' என்பதில் வரும் த்த. மூக்கொலிக்குப் பின் இது இன்னும் முக்கியம். நா(ன்)த் என்ற மேற்குக் கடற்கரைப் பக்க நகரத்தை 'நாந்த்' என்று 'பந்து' போலச் சொன்னால் ஒலி மாறிவிடுகிறது. மூக்கில் ஆ, உடனே வல்லினத் த். எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும்: போர்தோவின் ப, 'பல்பு' சொல்லும்போது வரும் முதல் ப, அதன் த, 'தினம்' போன்றதல்ல, 'பந்து' போன்றது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் இதைக் காதால் மட்டுமே பிடிக்க முடியும்.

நம்மிடம் சுத்தமாக இல்லாத உயிர் ஒன்றுதான் அடிக்கடி வரும். பிரெஞ்சில் யூ எழுத்து தனியாக வந்தால் அது உ அல்ல. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசில் அடிப்பதுபோலக் குவியுங்கள். தெருவைக் குறிக்கும் 'ர்யு' என்ற சொல்லில் இது வரும். ஓ-வும் யூ-வும் சேர்ந்து வந்தால்தான் நம் ஊ. ஜெர்மனி எல்லைப் பக்கம் இருக்கும் ம்யுலூஸ் நகரத்தில் இரண்டும் வருகின்றன: முதலில் குவிந்த ஈ, பிறகு நம் ஊ. ஓ-வும் ஐ-யும் சேர்ந்தால் 'உவா': ப்லுவா, புவாத்தியே, பாரிஸ் விமான நிலையத்துக்கு உள்ளூர்க்காரர் சொல்லும் பெயரான ருவாஸி. எச் ஒருபோதும் ஒலிக்காது: துறைமுக நகரம் லெ ஆவ்ர்.

கடைசி எழுத்துகளுக்கு வருவோம். எஸ், டி (T), எக்ஸ், இசட், பி (P) ஆகியவை பெயரின் முடிவில் வந்தால் பெரும்பாலும் ஊமை. பாரிஸ் என்பது பரி, போர்தோவின் எக்ஸ் கேட்காது, ஒர்லேயா(ன்), அமியே(ன்), தூர் ஆகியவற்றின் எஸ் கேட்காது. ஈ-யும் ஆரும் சேர்ந்து முடிந்தால் ஏ: மோ(ன்)பெலியே, ஆ(ன்)ஜே. பாரிஸை 'பாரிஸ்' என்றே சொன்னாலும் யாரும் குழம்ப மாட்டார்கள். ஆனால் ரயில் அறிவிப்பில் 'பரி' என்றுதான் கேட்கும், அதனால் காதைத் தயார் செய்து வையுங்கள்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் மற்றச் சொற்களைவிடப் பிடிவாதமானவை. ரே(ன்)ஸ், லா(ன்)ஸ், ஸா(ன்)ஸ், அராஸ் ஆகிய ஊர்களில் கடைசி எஸ் நன்றாக ஒலிக்கும். ப்ரெஸ்த் துறைமுகத்தில் டி ஒலிக்கும். இசட் என்ற ஒற்றை எழுத்தைப் பாருங்கள். லொரேன் பகுதியின் மெஸ் நகரத்தில் அதற்கு முன் உள்ள டி மறைந்து இசட் ஸ் ஆகிறது. பியாரித்ஸ் கடற்கரையில் 'த்ஸ்' என்று ஒலிக்கிறது. ஸே(ன்) த்ரோப்பேயில் காணாமல் போகிறது. எக்ஸ் எழுத்தும் இப்படித்தான். எக்ஸ்-ஆ(ன்)-ப்ரொவா(ன்)ஸ் என்ற ஊரில் 'க்ஸ்', பூர்கோஞ் பகுதியின் ஓஸெர் நகரத்தில் வெறும் 'ஸ்', சமோனிக்ஸ் என்று நாம் படிப்பதில் ஒன்றுமே இல்லை: ஷமொனி.

எக்ஸ் பற்றிப் பேசும்போது நம் பாடப்புத்தகம் ஞாபகம் வருகிறது. புதுச்சேரியை 1742 முதல் 1754 வரை ஆண்ட பிரெஞ்சு ஆளுநரை நாமெல்லோரும் 'டூப்ளே' என்று படித்தோம். பாரிஸ் மெட்ரோவின் ஆறாம் தடத்தில், ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில், அவர் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அதன் அறிவிப்பில் கேட்பது 'துய்ப்லெக்ஸ்', கடைசி எக்ஸ் முழுதாக. புதுச்சேரிக்காரர்கள் துய்ப்ளெக்ஸ் என்று எழுதுவதுதான் சரி. ஈஃபில் கோபுரம் பார்க்க அந்தத் தடத்தில் போவீர்கள்; தரைக்கு மேலே ஓடும் பகுதி அது, ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

இனி காதுக்குப் போகலாம். என் அனுபவத்தில் பயணி ஊர்ப் பெயரைச் சொல்லும் சமயம் குறைவு, கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய சமயம் மிக அதிகம். டிக்கெட்டை மொபைலிலேயே எடுத்துவிடுகிறோம். ஆனால் பிளாட்பாரம் மாறியதை ஒலிபெருக்கிதான் சொல்லும்.

பாரிஸ் மெட்ரோ இதற்கு நல்ல பள்ளிக்கூடம். பல தடங்களில் நிலையத்தின் பெயரை இரண்டு முறை சொல்வார்கள். நெருங்கும்போது ஒருமுறை, கேள்வி கேட்பதுபோல் குரல் மேலே ஏறும். நின்றதும் இன்னொருமுறை, குரல் கீழே இறங்கி முடியும். கதவுக்கு மேலே தடத்தின் படம் இருக்கும். முதல் நாள் எங்கும் இறங்காமல் முதலாம் தடத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பெயரையும் கேளுங்கள். ஷா(ன்)ஸெலிஸே என்று ஒட்டிச் சொல்வதைக் கேட்பீர்கள். தனியாக ஊமையாக இருக்கும் எஸ், அடுத்து உயிரெழுத்து வந்ததும் உயிர்பெறுகிறது. துயில்ரி, லூவ்ர், ஷாத்லே, பஸ்தீய் என்று வரிசையாக வரும். பஸ்தீய் என்பதில் ஐ எழுத்துக்குப் பின் வரும் இரட்டை எல், ய் ஆகிவிடுகிறது. வெர்ஸாய், மர்ஸெய் எல்லாவற்றிலும் அப்படித்தான். லீல் நகரத்திலும், பெல்வீல் போல 'வீல்' என்று முடியும் பெயர்களிலும் மட்டும் அது எல்-ஆகவே நிற்கும்.

வெர்ஸாய் போகும் நாளில் கவனமாக இருங்கள். அரண்மனைக்குப் பக்கத்து நிலையத்தின் முழுப் பெயர் 'வெர்ஸாய் ஷாத்தோ ரிவ் கோஷ்'. பாரிஸின் நடுவே ஆற்றோரமாக ஓடும் ஸே தட ரயில்தான் அங்கே போகும். ஆனால் அதே தடத்தின் இன்னொரு கிளை 'வெர்ஸாய் ஷா(ன்)த்தியே' என்ற நிலையத்துக்குப் போகிறது. ஸே(ன்) லஸாரிலிருந்து போகும் வேறொரு ரயில் 'வெர்ஸாய் ரிவ் த்ருவாத்' என்ற நிலையத்தில் முடிகிறது. பாரிஸ் மெட்ரோவில் 'போர்த் த வெர்ஸாய்' என்று ஒரு நிலையம் வேறு இருக்கிறது, அது பாரிஸ் நகரத்துக்குள்ளேயே உள்ள கண்காட்சித் திடல். எல்லாவற்றிலும் வெர்ஸாய் என்ற சொல் கேட்கும். அதைக் கேட்டு ஏறக்கூடாது. கோஷ் என்றால் இடது, த்ருவாத் என்றால் வலது. ஸேன் ஆற்றின் இடது கரை, வலது கரை. நீங்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியது அந்தக் கடைசிச் சொல் 'கோஷ்'.

மேலே 'ஸே தடம்' என்றேன். அது சி எழுத்து. ஊர்ப் பெயர்களுக்கு இணையாக எழுத்துகளின் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் புறநகர் ரயில் தடங்களுக்கும் சில பிளாட்பாரங்களுக்கும் எழுத்துதான் பெயர். ஏ, பி, சி, டி நான்கும் ஆ, பே, ஸே, தே. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவது பே தடம். ஈ எழுத்துக்கு உதடு குவித்த எ. பெரிய குழப்பம் ஜி-யிலும் ஜே-யிலும். பிரெஞ்சில் ஜி எழுத்தின் பெயர் 'ஜே', ஜே எழுத்தின் பெயர் 'ஜி'. நமக்கு நேர் தலைகீழ். கார் த லியோ(ன்) நிலையத்தில் ஒரு பகுதிப் பிளாட்பாரங்களுக்கு எண் கிடையாது, எழுத்துதான். 'வுவா ஜே' என்று அறிவித்தால் ஜி எழுதிய பிளாட்பாரத்துக்கு ஓடுங்கள். அதிவேக ரயிலைத் 'தே ஜே வே' என்பார்கள். அதை மனதில் வைத்தால் நடு எழுத்து ஜி என்பது மறக்காது. இந்த ஜ, நம் ஜன்னல் ஜ-வைவிட மென்மையானது. ஷ் சொல்லும்போதே தொண்டையை அதிரவிட்டால் அது வரும்.

பாரிஸில் இருக்கும்போது சாப்பாட்டுக்கு லாச்சப்பல் போவீர்கள், எல்லோரும் போகிறார்கள். இலங்கைத் தமிழர் கடைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி. கார் த்யு நோர் நிலையத்துக்குப் பின்னால் நடந்தே போய்விடலாம். மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான். லாச்சப்பல் என்பது அங்குள்ள தமிழர் பேச்சில் ஊறிப்போன பெயர். தமிழரிடம் கேட்கும்போது அப்படியே கேளுங்கள். மெட்ரோவிலோ பிரெஞ்சுக்காரரிடமோ கேட்கும்போது 'லா ஷப்பெல்', இரண்டாம் தடம். 'போர்த் த லா ஷப்பெல்' என்பது நகரின் வடக்கு எல்லையில் இருக்கும் வேறு நிலையம். 'ஸே(ன்)த் ஷப்பெல்' என்பது ஆற்றுத் தீவில் வண்ணக் கண்ணாடிகளோடு நிற்கும் பழைய தேவாலயம். மூன்றும் வேறு வேறு இடங்கள், டாக்ஸிக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

யாரிடம் எதைக் கேட்டாலும் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'போ(ன்)ஜூர்' வர வேண்டும். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் நேராக 'தஞ்சாவூர் பஸ் எங்கே நிக்கும்?' என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. பிரான்சில் வணக்கம் சொல்லாமல் கேள்வியைத் தொடங்குவது மரியாதைக் குறைவு, உச்சரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பதில் வறட்டுத்தனமாகத்தான் வரும். 'போ(ன்)ஜூர் மதாம்' என்று சொல்லி, அவர் திருப்பிச் சொல்லும்வரை ஒரு நொடி காத்திருந்து, பிறகு 'பூர் ரே(ன்)ஸ், சில் வூ ப்லே' என்றால் போதும். 'ரே(ன்)ஸுக்கு, தயவுசெய்து' என்று பொருள். புரியவில்லை என்றால் பெயரை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டாம், மெதுவாக, அசை அசையாகச் சொல்லுங்கள். எழுதிக் காட்டுவதிலும் தவறில்லை.

ஆல்ப்ஸ் பக்கம் போனதும் இன்னொரு வகைப் பெயர்கள் வரும். ஷமொனியின் ஊமை எக்ஸ் தனித்துப் போனதல்ல. அந்த ஸவுவா மலைநாட்டில் ஆஸ், ஓஸ் என்று முடிவதுபோல எழுதப்பட்ட பெயர்கள் ஏராளம். பனிச்சறுக்கு ஊரான லா க்ல்யுஸா, எழுத்தில் இசட்-இல் முடிகிறது, வாயில் ஆ-வில் முடிகிறது. அந்த வட்டாரத்துப் பழைய மொழியில் கடைசி உயிர் அழுத்தமில்லாமல் ஒலிக்கும். அதைக் காட்டவே அந்தக்கால எழுத்தர்கள் ஓர் இசட்டைச் சேர்த்தார்கள். வெளியூரிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர்களே அதைப் படித்து ஸ் சேர்த்துச் சொல்லிவிடுவதுண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. நீங்கள் இசட்டை விட்டுவிட்டுச் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஏரிக்கரை நகரம் ஒன்று உண்டு, அன்னெசி என்று படிக்கத் தோன்றும், சொல்வது ஆன்ஸி. ஷமொனிக்கு ரயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் ஸே(ன்) ஜெர்வே என்ற ஊரில் மலை ரயிலுக்கு மாற வேண்டும், அறிவிப்பில் அந்தப் பெயருக்குக் காத்திருங்கள். 3,842 மீட்டர் உயரச் சிகரத்துக்கு ஏறும் கேபிள் கார் 'ஏக்வீய் த்யு மிதி'. மோ(ன்) ப்லா(ன்) மலையைக் கண்ணெதிரே பார்க்கும் இடம் அது.

ஸே(ன்) என்று தொடங்கும் ஊர்கள் நாடு முழுக்க உள்ளன. 'செயின்ட்' என்று படிப்பதை முதல் நாளே விட்டுவிடுங்கள். மெய்யெழுத்துக்கு முன்னால் ஸே(ன்): ஸே(ன்) மலோ, ஸே(ன்) மிஷெல். உயிருக்கு முன்னால் ஒளிந்திருந்த டி வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும்: ஸே(ன்)தெத்தியென், ஸே(ன்)தேமிலியோ(ன்). தமிழில் சொல்லோடு சொல் புணர்வது நமக்குப் பழக்கம் என்பதால் இது சிரமமாக இருக்காது.

தெற்கே இறங்க இறங்கப் பேச்சே மாறும். பாரிஸ்காரர் விழுங்கும் கடைசி எ-வைத் தெற்கத்தியர் சொல்வார்கள், 'துலூஸெ' என்பதுபோல. மூக்கொலிக்குப் பின்னால் ஒரு ங் நிழலாடும், அவிஞோ(ன்) அங்கே 'அவிஞோங்' என்று கேட்கும். நம் காதுக்கு இந்தத் தெற்குப் பிரெஞ்சு இன்னும் தெளிவானது. மர்ஸெய் பக்கத்தில் பாறைக் கடற்கரைக்குப் பேர்போன சிற்றூர் ஒன்றுக்குப் போனால், அதை உள்ளூர்க்காரர்கள் 'கஸி' என்பார்கள். 'கஸிஸ்' என்று கடைசி எஸ்ஸோடு சொன்னால் அது கருநிற பெர்ரிப் பழத்தின் பெயர்.

நீங்கள் முடிக்கப்போகும் ஊர் நீஸ். நைஸ் அல்ல, 'நீ' என்று நம் தமிழில் சொல்லி ஸ் சேர்த்தால் அப்படியே சரி. அங்கிருந்து இத்தாலிய எல்லை வரை கடலோரமாக ஒரு சிறு ரயில் ஓடுகிறது. மலைமேல் பழைய கிராமம் உள்ள எஸ் என்ற ஊர், மொனாகோ, எலுமிச்சைக்குப் பேர்போன மா(ன்)தோ(ன்) எல்லாம் அந்தத் தடத்தில்தான். ஆனால் பலகையில் இவற்றின் பெயரைத் தேடாதீர்கள். ரயில் போய் முடியும் ஊரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். அது எல்லை தாண்டி இத்தாலியில் இருக்கும் வென்ட்டிமில்யா, பிரெஞ்சில் வே(ன்)த்திமீய். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் கேட்டால் அது உங்கள் ரயிலாக இருக்கலாம், ஏறும் முன் அது நிற்கும் ஊர்களின் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.